பூவம்மாளுக்குச் சினம் தணிந்த வருஷம்

திருத்தணி மலையடிவாரத்தில், சரவணப் பொய்கையைத் தாண்டிப் படிக்கட்டுக்குத் திரும்பும் இடத்தில் பூவம்மாளின் கடை இருந்தது. இரண்டு மூங்கில் தட்டி, மேலே ஓலை, நடுவில் ஒரு பலகை. பலகையில் தேங்காய், கற்பூரம், விபூதிப் பொட்டலம், கதம்பம். இதெல்லாம் அந்த வரிசையில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பூவம்மாள் கடையில் கூடவே திட்டும் கிடைக்கும்.

தேங்காயைத் தட்டிப் பார்க்கிறவனைத் திட்டுவாள். "இன்னாய்யா, கதவா தட்டறே? உள்ள யாரு கீறாங்கனு பாக்கறியா?" தட்டாமல் எடுக்கிறவனையும் விடமாட்டாள். "கண்ணு கீதா இல்லையா? சாமிக்கு அழுகலையா ஒடைப்பே? வை கீழே!" என்று பிடுங்கிக்கொண்டு, நல்லதாக ஒன்றைக் கையில் திணிப்பாள். நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் வந்தால் அதே திட்டு தெலுங்கில் வரும். சுருதி மட்டும் சற்று ஏறும். ஒருமுறை அவளிடம் வாங்கியவர்கள் அடுத்த கிருத்திகைக்கும் அவளிடமே வந்தார்கள். நல்ல சரக்கு கிடைக்கும் என்பது ஒரு காரணம். வேறு கடையில் வாங்குவதை அவள் பார்த்துவிட்டால் என்னாவது என்பது மற்றொன்று.

அவள் புருஷன் துளசிங்கம் ஜட்கா வண்டிக்காரன். ரயில்வே ஸ்டேஷனுக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே ஓட்டம். பூவம்மாளுக்கு அத்தை மகன். அதனால் மகள் தேவகியைப் பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்த பிறகும் அவனைப் 'பாவா' என்றே கூப்பிட்டாள். ஊரில் துளசிங்கத்துக்குப் பரம சாது என்று பெயர். வீட்டில் பேச இடம் கிடைக்காதவனுக்கு அந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. குதிரையிடம் மட்டும் மனம்விட்டுப் பேசுவான். அதையும் கடைத்தெரு தாண்டிய பிறகுதான் ஆரம்பிப்பான்.

யுத்தத்துக்குப் பயந்து சென்னப்பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி வந்த வருஷம் அது, 1942. அந்த ஆடிக் கிருத்திகைக்குப் பூவம்மாள் பால் காவடி எடுத்தாள். அதற்கப்புறம், கொஞ்சம் கொஞ்சமாக, அவள் திட்டுவது குறைந்தது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தார்கள். தொண்டை கட்டித்தான் இருந்தது. தவளைக் குரலில், ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று பேசினாள். ஆனால் பேசிய சொற்களில் காரமே இல்லை. தையில் ஒருவன் அவள் கடைத் தேங்காயை எடுத்துத் தட்டி, உருட்டி, ஆட்டி, காதில் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வைத்தபோது வரிசைக் கடைக்காரர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பூவம்மாள் அவனை நிதானமாகப் பார்த்து, "இருக்கட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து அதுவே அவள் சொல்லாயிற்று. மழை ஓலையைப் பிய்த்துப் போட்டாலும் இருக்கட்டும். மாலை வாடினாலும் இருக்கட்டும். முகம் உருண்டு மஞ்சள் பூத்திருந்தது. கண்ணிமை கனத்து, பாதி மூடியபடி பார்த்தாள். ஊருக்கு அது தியானமாகத் தெரிந்தது.

இதற்கெல்லாம் ஒரு விளக்கம் வேண்டாமா? பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் ஆதிகேசவன் அதைக் கொடுத்தார். கிருத்திகை பஜனை முடிந்ததும் பத்து வார்த்தை பேசாமல் அவரால் வீட்டுக்குப் போக முடியாது.

"சூரனோடு போர் செய்த சினமும் வேடரோடு மோதிய சினமும் முருகப் பெருமானுக்கு எங்கே தணிந்தது? இந்த மலையிலே. அதனால்தானே இது தணிகை! பெருமானுக்கே சினம் தணிந்த இடத்தில் பூவம்மாளுக்குத் தணியாதா? அடக்கம் என்றால் என்னவென்று ஏட்டில் தேடாதீர்கள். அடிவாரத்தில் போய்ப் பாருங்கள்" என்றார்.

ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள். மாமியார்கள் வாயாடி மருமகள்களை அழைத்து வந்து காட்டினார்கள். மருமகள்கள் வேறொரு நாள் மாமியார்களை அழைத்து வந்தார்கள். மனசில் பாரம் உள்ளவர்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சொல்லி அழுதுவிட்டு, "இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு லேசாகி எழுந்து போனார்கள். பாதிக் கதையில் பூவம்மாள் தூங்கிப்போயிருப்பாள் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கையால் விபூதி வாங்கத் தனியாகக் கூட்டம் வந்தது.

பக்கத்துக் கடை கௌரியம்மாளுக்கு இந்த அடக்கம் வேறு வகையில் பயன்பட்டது. அவள் வாரம் ஒரு விரற்கடை தன் பலகையைப் பூவம்மாள் பக்கம் நகர்த்தினாள். பங்குனி முடிவதற்குள் பூவம்மாள் குறுக்காக உட்கார வேண்டியதாயிற்று. அதற்கும் இருக்கட்டும்தான்.

துளசிங்கத்தின் நிலை என்ன? உள்ளதைச் சொல்ல வேண்டும், அவன் பூரித்துப் போனான். ராத்திரிச் சோற்றை முதல் உருண்டையிலிருந்து கடைசி உருண்டை வரை நிம்மதியாகச் சாப்பிட்டான். அதைவிட முக்கியம், பேச ஆரம்பித்தான். ஜெர்மனிக்காரன் எங்கே தப்புச் செய்தான், கொள்ளு விலை ஏன் ஏறுகிறது, மாப்பிள்ளையின் தம்பி ஏன் உருப்படமாட்டான் என்பது பற்றியெல்லாம் தனக்கு அபிப்பிராயம் இருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. தொடங்கிய வாக்கியத்தைத் தானே முடிக்கும் சுகத்தை இருபது வருஷத்துக்கு மேல் அனுபவிக்காதவனை நாம் குறை சொல்ல முடியாது.

சித்திரையில் தேவகி பள்ளிப்பட்டிலிருந்து வந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம் காத்திருந்து, இப்போதுதான் உண்டாகியிருந்தாள். அந்தச் சேதியைத் தன் வாயாலேயே அம்மாவிடம் சொல்ல வேண்டுமென்று வெயிலில் பஸ்ஸில் வந்திருந்தாள். கடை முன்னால் நின்று வெட்கத்தோடு சொன்னாள். பூவம்மாள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவளை வெகுநேரம் பார்த்தாள்.

"இருக்கட்டும்" என்றாள்.

தேவகி வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து அழுதாள். "நைனா, இது எங்கம்மா இல்ல. எங்கம்மாவா இருந்தா, இத்தனை நாளா இன்னாடி பண்ணிக்கினு இருந்தேனு திட்டி, ஏன் பஸ்ல வந்தேனு திட்டி, ஊரையே கூட்டியிருக்கும். நீ எப்படி நைனா இதைப் பாத்துக்கினு சும்மா கீறே?"

"சாமி அருளும்மா" என்றான் துளசிங்கம். சொல்லும்போது குரல் அவ்வளவு திடமாக வரவில்லை.

அதே மாசம் அரக்கோணம் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் தபிதாள் ஒரு பிரசவம் பார்க்கத் திருத்தணி வந்தார். வேலூரில் படித்தவர், குள்ளமான உருவம், விறுவிறுப்பான நடை. திரும்பும்போது ஸ்டேஷனுக்குத் துளசிங்கத்தின் வண்டியில் ஏறினார். குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதற்காக அவன் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அக்கினி வெயில். கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தவளையும், எதிரே கைகூப்பி நின்ற பெண்களையும் டாக்டர் பார்த்தார். வண்டியிலிருந்து இறங்கினார்.

"இவங்க யாரு?"

"நம்ம வீட்டுக்காரிதாங்க."

"எத்தனை நாளா இப்படி இருக்காங்க?"

"போன ஆடிலேர்ந்துங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. கோவம் தணிஞ்சு போச்சு, அவ்ளோதான்."

டாக்டர் பூவம்மாளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், மரப்பட்டை போலிருந்தது. புருவத்தின் வெளிப்பக்கத்து முடி உதிர்ந்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு அவளை ஜட்காவின் பின்பலகையில் கால் தொங்க உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே தன் கை ஓரத்தால் ஒரு தட்டு தட்டினார். கால் சோம்பலாக எழுந்தது. இறங்குவதற்கு அதைவிடச் சோம்பல் பட்டது.

"இப்போ நீங்க உக்காருங்க" என்று துளசிங்கத்தை உட்காரவைத்து அதே இடத்தில் தட்டினார். அவன் கால் துள்ளிக் குதிரையின் வாளியை உதைத்துத் தள்ளியது. "ஐயோ, நான் உதைக்கலீங்க!" என்று பதறினான்.

"தெரியும். நீங்க நெனைக்கறதுக்கு முன்னாடியே நரம்பு வேலையை முடிச்சிடும். இவங்களுக்கு அந்த வேகம் இல்லை." டாக்டர் தன் தொண்டைக் குழிக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார். "இங்கே ஒரு சுரப்பி இருக்கு. அதிலேர்ந்து ஒரு சத்து ரத்தத்துல இறங்கிக்கிட்டே இருக்கணும். மூளை, இதயம், குடல், தோலு எல்லாத்தையும் 'உம், நட' னு தட்டிக் குடுக்கறது அதுதான். இவங்களுக்கு அது வத்திப் போச்சு. வண்டி நல்லா இருக்கு, குதிரையும் நல்லா இருக்கு. ஓட்டறவர் தூங்கிட்டார்."

கூட்டத்திலிருந்த ஆதிகேசவன் வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. "அம்மணி, இது பக்குவம். ஆன்ம பக்குவம்."

"பக்குவப்பட்டவங்க அக்கினி வெயில்ல கம்பளி போத்திக்க மாட்டாங்க, சார்."

மாத்திரை உண்டு, ஆட்டின் கழுத்துச் சுரப்பியை உலர்த்திச் செய்தது, ஆஸ்பத்திரிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டு வண்டியேறினார். துளசிங்கம் அடுத்த வாரம் போனான். டாக்டர் ஒரு புட்டியைக் கொடுத்து, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று விளக்கினார். அவன் புட்டியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றான்.

"இன்னும் என்ன?"

"இதைச் சாப்ட்டா பழையபடி ஆயிடுவாளாங்க?"

"ஆயிடுவாங்க."

"பழையபடின்னா... முழுசாவாங்க?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லீங்க, கேக்கறேன். பாதி மாத்திரை குடுத்தா பாதி மட்டும் வருமா? சிரிப்பு, பேச்சு, சமையல் இதெல்லாம் வந்துட்டு, அந்த இன்னொண்ணு மட்டும் கொஞ்சம் கம்மியா..."

"அப்படிப் பிரிச்சுக் குடுக்கற மாத்திரையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை" என்றார் டாக்டர். "கண்டுபிடிச்சா மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் வாங்குவேன். குடுக்காம விட்டா இன்னும் மந்தமாகி, ஒருநாள் எழுந்திரிக்காமலே போயிடுவாங்க. போங்க."

இவ்வளவும் காதால் கேட்டவன் நேரே வீட்டுக்குப் போய்க் கொடுத்திருக்க வேண்டும். துளசிங்கம் புட்டியைக் கொள்ளு மூட்டைக்குள் செருகி வைத்தான். நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தான். மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஆட்டுச் சமாசாரம், ஆகாது. அதற்கடுத்த நாள் சவாரி நிறைய. நல்ல மனுஷனுக்குக் காரணங்கள் கிடைப்பதற்குப் பஞ்சமே இல்லை.

ஒரு சாயங்காலம், விளக்கேற்றும் நேரம், அவன் வழக்கம்போல மாப்பிள்ளையின் தம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பூவம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தான். அவள் கன்னத்தில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தபோதுதான் பேச்சை நிறுத்தினான்.

"இன்னா புள்ள?"

அவள் வாயைத் திறந்தாள். சொல் வர நேரமாயிற்று. "பாவா... தேவகி முழுவாம கீறாளாமே."

"ஆங். வந்து சொல்லிட்டுப் போனாளே. மூணு வாரமாச்சு."

"எனக்கு அன்னிக்கே கத்தணும் போல இருந்துது. அவளைக் கட்டிப் புடிச்சுக்கினு... நாலு திட்டுத் திட்டி..." மூச்சு வாங்கினாள். "உள்ள எழுந்து வருது பாவா. வாயிக்கு வர்றதுக்குள்ள எங்கியோ முழுவிப் போவுது. சேத்துல நடக்கற மாதிரி கீது. ஜனங்க என்னைக் கும்புடறாங்க. நான் உள்ள கெடந்து கூப்பிட்டுக்கினு கீறேன். யாருக்கும் கேக்கல."

துளசிங்கம் எழுந்தான். லாயத்துக்கு ஓடி, மூட்டையை அவிழ்த்துக் கவிழ்த்தான். குதிரை தனக்குத்தான் உபசாரம் என்று நினைத்துக் கழுத்தை நீட்டியது. கொள்ளுக்கு நடுவில் துழாவிப் புட்டியை எடுத்து, வேட்டியில் துடைத்து, ஒரு மாத்திரையும் ஒரு செம்புத் தண்ணீருமாகத் திரும்பி வந்தான். ஓடி வந்த வேகத்தில் பாதித் தண்ணீர் வழியிலேயே போயிற்று.

ஒரே நாளில் எதுவும் நடந்துவிடவில்லை. முதலில் கம்பளி போயிற்று. "புழுங்குது" என்று உதறி எறிந்தாள். முகத்தின் வீக்கம் வடிந்தது. ஒருநாள் தெருநாய் ஒன்று ஆதிகேசவன் வாத்தியாரின் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்துச் சிரித்தாள். பழைய குரல் தொண்டையில் எங்கோ ஒரு மூலையில் கனைத்துக்கொண்டது. கடைசியில், ஆனி மாசக் காலை ஒன்றில், துளசிங்கம் வண்டி பூட்டும்போது அது வெளியே வந்தது.

"யோவ் பாவா! குதிரைக்கு லாடம் தேஞ்சு போயி நொண்டிக்கினு நிக்குது, நீ ஜம்முனு தலப்பா கட்டிக்கினு நிக்கறே! உங்காலுல ஆணி குத்தினா தெரியும்!"

தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். துளசிங்கம் குதிரையின் பின்பக்கமாக ஒதுங்கி நின்று தலைப்பாகை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்துச் சிலர் இரக்கப்பட்டார்கள். கிட்டே போய்ப் பார்த்தவர்கள், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான் என்றார்கள். இரண்டுமே உண்மைதான்.

அந்தத் தைரியத்தில் புட்டியை ஒளித்து வைத்த விஷயத்தையும் சொல்லித் தொலைத்தான். அதற்கு வாங்கிய திட்டு தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் போய், மறுபடி தமிழுக்குத் திரும்பி, மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது சற்று ஓய்ந்து, சாயங்காலம் புதுத் தெம்போடு தொடர்ந்தது. மறுநாள் கடைக்குப் போனதும் பூவம்மாள் கௌரியம்மாளின் பலகையை ஒரு பார்வை பார்த்தாள். பேசக்கூட இல்லை. கௌரியம்மாள் தானே எழுந்து அதைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்புறம் பூவம்மாள் பள்ளிப்பட்டுக்குப் போய் மகளைக் கட்டிக்கொண்டு அழுது, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரையும் தலைக்குக் கொஞ்சம் திட்டிவிட்டு வந்தாள். தேவகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விபூதிக் கூட்டம் கலைந்தது. மிஷன்காரர்கள் ஒரு சித்தரைக் கெடுத்துவிட்டார்கள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். எல்லோரையும்விட மனம் உடைந்தவர் ஆதிகேசவன் வாத்தியார். டாக்டர் மறுபடி ஊருக்கு வந்தபோது ஸ்டேஷனிலேயே மடக்கினார்.

"அம்மணி, நேராகக் கேட்கிறேன். அடக்கம், பொறுமை, சினம் இதெல்லாம் கழுத்தில் இருக்கிறது என்றால், பிள்ளைகளுக்கு நான் எதற்கு நீதி சொல்லித்தர வேண்டும்? மாத்திரை கொடுத்துவிடலாமே."

லாடம் கதையைத் துளசிங்கம் வாயால் முன்பே கேட்டிருந்த டாக்டர் பையைக் கீழே வைத்தார். "சார், நீங்க பசங்களை அடிக்கறது காலையில காபி குடிக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

வாத்தியார் அதைப் பற்றி இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. நினைத்துப் பார்த்தார். "வீட்டில் காபிப் பொடி இல்லாத அன்றைக்கு..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"பாருங்க. உடம்புல ஒரு சொட்டு அதிகமானாலும் கொறைஞ்சாலும் ஆள் மாறித்தான் தெரிவோம். ஆனா ஒண்ணு. இந்தம்மாவுக்குக் கத்தறதுக்குத் தெம்பு குடுத்தது அந்தச் சுரப்பி. குதிரை காலுக்காகக் கத்தணும், மகளுக்காகக் கத்தணும்னு அது சொல்லிக்குடுக்கலை. அது அவங்க சேத்து வெச்சது. நீங்க சொல்லித்தர்ற நீதியும் பசங்க கிட்ட அப்படி எங்கியாவது சேரும். சொல்லிக்குடுங்க" என்றார் டாக்டர்.

வாத்தியார் தலையாட்டினார். வகுப்புக்குக் காபி குடிக்காமல் போவதில்லை என்ற ஒரு பழக்கத்தை மட்டும் அதற்கப்புறம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு அதனால் நன்மையே.

அடுத்த வருஷம் சீமையிலிருந்து கப்பல் வருவது தடைப்பட்டு, ஆஸ்பத்திரியில் மாத்திரை தீர்ந்துபோனது. மறுபடி பூவம்மாளுக்குக் குளிர ஆரம்பித்தது. வாடிக்கைக்காரன் ஒருவனைத் திட்ட வாயெடுத்து நடுவில் விட்டுவிட்டாள். துளசிங்கம் அன்றைக்கே ரயிலேறிச் சென்னப்பட்டணம் போய், பார்க் டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினான். ஒரு மருந்துக் கடைக்காரர் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்கு? என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

"சம்சாரத்துக்குங்க. திட்ட மாட்டேங்கறாங்க."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "நானும் இத்தனை வருஷமா கடை வெச்சிருக்கேன். திட்டறதை நிறுத்த மருந்து கேட்டு வந்தவங்க நிறையப் பேரு. திட்ட வைக்கக் கேக்கறதுல நீதான்யா மொத ஆளு."

"அவங்களுக்கெல்லாம் தெரியாதுங்க" என்றான் துளசிங்கம். மிச்சம் இருந்த இரண்டு புட்டிகளையும் கடைக்காரர் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார்.

அவை தீருவதற்குள் கப்பல் வர ஆரம்பித்தது, அதற்கப்புறம் தட்டுப்பாடு வரவில்லை. தினமும் விடிந்ததும் மாத்திரை, பிறகுதான் மற்றதெல்லாம். கௌரியம்மாளுக்கு மட்டும் ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆடிக் கிருத்திகையன்று விரதத்தோடு கடை விரித்த பூவம்மாளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் பூவு, ஆட்டு மாத்திரையாமே அது. கிருத்திகையும் அதுவுமா இன்னிக்கும் போட்டுக்கினியா?"

"போட்டுக்காம? விடியக்காலம் மலைக்கு ஏறிப் போயி அவங்கிட்டயே கேட்டுட்டேன். கத்தற பூவம்மா வேணுமா, கம்முனு கெடக்கற பூவம்மா வேணுமானு. ஒண்ணும் சொல்லல. முழுங்கிட்டேன்."

"சாமி கோவிச்சுக்கப் போவுது!"

"கோவிச்சுக்கினா இறங்கி வரட்டும்" என்றாள் பூவம்மாள், கதம்பத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே. "ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கறோம்."